தட்டில் ஏறிய குரலும் ஏறாத குரலும்
நாகலூரிலிருந்து பார்க்கும் ஓர் இசைத்தட்டு வரலாறு



பேராசிரியர் கே.ஏ. குணசேகரனை நினைவுகூரும் இந்த உரைக்கு இசைத்தட்டு என்ற பொருளை எடுத்துக்கொண்டிருக்கிறோம். நிலம், கூலி, கல்வி, வன்கொடுமை என்று பேச வேண்டியவை எத்தனையோ இருக்கும்போது, பழைய பாட்டுத் தட்டைப் பற்றி ஒரு நினைவுரை தேவையா என்று உங்களில் சிலர் கேட்கலாம். இந்தப் பொருளைச் சொன்னபோது எங்கள் கூட்டத்திலேயே அந்தக் கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். எங்கள் பதில் இதுதான்: குரலுக்கும் வரலாறு உண்டு. யாருடைய குரலைச் சேமிக்க வேண்டும், யாருடைய குரல் காற்றோடு போகலாம் என்பதை ஒரு சமூகம் முடிவு செய்கிறது. அந்த முடிவைச் சாதியும் சந்தையும் சேர்ந்து எடுத்த விதத்தை, ஏறக்குறைய 120 ஆண்டுகால இசைத்தட்டு வரலாறு நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. பாட்டுக் கேட்பது ஓர் இன்பம். ஒடுக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேசும்போது அவர்களுடைய துன்பத்தை மட்டுமே பேசுவது நம்மிடையே ஒரு பழக்கமாகிவிட்டது. நம் மக்கள் எதைக் கேட்டு மகிழ்ந்தார்கள், அந்த மகிழ்ச்சிக்காக என்ன பாடுபட்டார்கள் என்பதும் வரலாறுதான்.

1. அரக்கு

இன்று இசைத்தட்டு என்றால் வினைல் தட்டு என்று நினைக்கிறோம். வினைல் பிற்காலத்தில் வந்தது. அமெரிக்காவில் 1948இல் நீள்தட்டாகவும், அடுத்த ஆண்டு 45 சுற்றுச் சிறுதட்டாகவும் வந்து, 1960களில்தான் நம் ஊர்களில் பரவியது. அதற்கு முன் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உலகம் முழுவதும் ஓடியவை நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் கறுப்புத் தட்டுகள். கீழே விழுந்தால் ஓடுபோல உடைந்துவிடும். அந்தத் தட்டை இறுக்கிப் பிடித்துவைத்த பொருள் அரக்கு.

அரக்கு எங்கிருந்து வந்தது? பலாசு, குசும், இலந்தை மரக் கிளைகளில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. சோட்டாநாகபுரிக் காடுகளில் முண்டா, ஒராவோன் உள்ளிட்ட ஆதிவாசி மக்கள் கிளையை வெட்டி, பிசினைச் சுரண்டி எடுத்துச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். உலகத்துக்குப் போன அரக்கில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து போனது. ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் 1924இலேயே அரக்கு ஆராய்ச்சி நிலையம் அமைக்கும் அளவுக்கு அது பெரிய வணிகம். இரண்டாம் உலகப் போரில் அரக்கு வரத்துத் தடைபட்டதும், 1942இல் அமெரிக்க அரசு இசைத்தட்டுக்கு அரக்கைப் பயன்படுத்துவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. பழைய தட்டுகளைத் திரும்ப வாங்கி உருக்கிப் புதிய தட்டுகள் செய்தார்கள்.

நியூயார்க்கில் ஓர் ஓபரா பாடகரின் குரலும், கல்கத்தாவில் ஒரு தும்ரியும், சென்னையில் ஒரு கீர்த்தனையும் பதிந்து கிடந்தது ஆதிவாசிகளின் உழைப்பின் மேல்தான். ஆனால் அந்தத் தட்டைச் சுழற்றிப் பாட்டுக் கேட்கும் நிலை, பிசின் சுரண்டியவர்களில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? தோல் பதனிடுகிறவர் காலில் செருப்பில்லாத கதையும், நெல் அறுக்கிறவர் வீட்டில் உலை கொதிக்காத கதையும் நமக்குப் புதிதல்ல. இசைத்தட்டின் கதையும் அங்கேதான் தொடங்குகிறது.

2. பெயர் சொன்ன பெண்கள்

1902 இறுதியில் லண்டன் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்தார். நவம்பரில் அவர் பதிவு செய்த கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். பதிவான மெழுகுத் தட்டு ஜெர்மனியின் ஹானோவர் நகரத்துக்குக் கப்பலில் போய்த்தான் அச்சாக வேண்டும். அங்கே இருப்பவர்களுக்கு இது யார் குரல் என்று தெரிய வேண்டும். அந்தத் தேவைக்காகத் தொடங்கிய பழக்கம், ஒரு தவாயிஃப் பெண் தன் பெயரை உலகத்துக்கு அறிவிக்கும் செயலாக மாறிப்போனது. 1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் தொழிற்சாலை வந்த பிறகு தட்டுகள் இங்கேயே அச்சாயின. பின்னால் அது டம்டம்முக்கு மாறியது.

தென்னிந்தியாவில் முதலில் தட்டு கொடுக்க முன்வந்தவர்களில் தேவதாசி மரபுப் பெண்கள் பலர். நம் மலையடிவாரத்து நகரத்தின் பெயரைத் தாங்கிய சேலம் கோதாவரி அவர்களில் ஒருவர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே அவருடைய தட்டுகள் வெளிவந்தன. பெங்களூர் நாகரத்தினம்மாள் பாடினார். வீணை தனம்மாள் முதுமையில், 1930களின் தொடக்கத்தில், வாசித்துப் பதிந்தார். 1926இல் மதுரையிலிருந்து வந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தியின் குரலும் தட்டில் ஏறியது. அவர்தான் எம்.எஸ். சுப்புலட்சுமி.

சபாக்களும் இசை அகாதெமியும் வளர்ந்து, கருநாடக இசை "குடும்பப் பெண்கள்" பாடும் இசையாக மாற்றி எழுதப்பட்டபோது, தேவதாசிப் பாடகிகளில் பெரும்பாலோர் மேடையிலிருந்து விலக்கப்பட்டார்கள். சென்னை மாகாணத்தின் தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947இல் வந்தது. சுரண்டலிலிருந்து விடுதலை தந்த சட்டம் அது. அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் அந்தப் பெண்களின் கலையை எடுத்துக்கொண்டு அவர்களுடைய பெயரைக் கழித்துவிட்டவர்களை நாம் மறக்க முடியாது. அந்தக் கழிப்புக்கு எதிராக இன்று நம்மிடம் இருக்கும் சாட்சி அந்தத் தட்டுகள்தான். "எங்களுக்கு முன் யாரும் இல்லை" என்று சபா சொன்னால், ஒரு 78 தட்டை எடுத்து வைத்தால் போதும். இருந்தார்கள் என்று அது பாடிக் காட்டும். குரல் பதிவாகியிருப்பதன் அரசியல் பயன் இது. பதிவாகாத குரலுக்கு இந்தச் சாட்சி இல்லை.

3. தவில் ஏறியது, பறை ஏறவில்லை

நம் மக்களின் குரலுக்கு என்ன நடந்தது?

கொஞ்சம் காலத்தைப் பொருத்திப் பாருங்கள். இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கியது 1893. அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கியது 1907. கைஸ்பெர்க் வந்தது 1902. இசைத்தட்டும் தலித் அச்சு இதழும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தவை. ஓர் அச்சு எந்திரத்தையும் கொஞ்சம் எழுத்துக் கட்டைகளையும் வைத்துக்கொண்டு நம் முன்னோர்கள் தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுதினார்கள். அதனால் பண்டிதரின் எழுத்து இன்று நம் கையில் இருக்கிறது. அவருடைய குரல் நமக்கு வந்து சேரவில்லை. சேரிகளில் அன்று பாடிய பாட்டும் வந்து சேரவில்லை. இதழுக்குச் சந்தா சேர்த்தால் போதும். தட்டுக்குத் தொழிற்சாலை வேண்டும், முதலாளி வேண்டும், முகவர் வேண்டும், கிராமபோன் பெட்டி வாங்கக்கூடிய வீடுகள் வேண்டும்.

தொழில்நுட்பத்தின் மேல் பழியைப் போடுகிறவர்கள் உண்டு. 1925க்கு முன் மைக் கிடையாது. பாடுகிறவர் ஓர் அகன்ற குழாயின் வாய்க்கு முன் நின்று உரக்கப் பாட வேண்டும். அந்த அதிர்வே ஓர் ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். முரசு பக்கத்தில் பலமாக அடித்தால் ஊசி துள்ளும், கோடு கெடும். பறை போன்ற வலுத்த கருவியை எப்படிப் பதிவது என்று கேட்கலாம். ஆனால் நாகசுரமும் தவிலும் தட்டில் ஏறினவே. தவில் மென்மையான கருவியா? மின் ஒலிப்பதிவு வந்த பிறகு, 1930களில் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஓடியன் தட்டாக வந்து வீடு வீடாக ஒலித்தது. மைக் வந்து முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆன பின்னும், நாங்கள் புரட்டிப் பார்த்த கம்பெனி விளம்பரங்களிலும் பட்டியல்களிலும் பறை எங்கள் கண்ணில் படவில்லை. பறை, துடும்பு, உறுமி, ஒப்பாரி, நடவுப் பாட்டு எல்லாம் மக்களின் வாழ்க்கையில் நிறைந்திருந்தன, பட்டியலில் இல்லை. கோயில் வாசலில் இடம் கிடைத்த கருவிக்குத் தட்டிலும் இடம் கிடைத்தது. சாவு வீட்டில் நிறுத்தப்பட்ட கருவி தட்டுக்கும் வெளியே நின்றது.

நேரத்தின் கணக்கும் ஒன்று உண்டு. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம். கீர்த்தனையை அதற்குள் சுருக்கினார்கள். நாடகப் பாட்டைச் சுருக்கினார்கள். விடிய விடிய நடக்கும் கூத்தையும், சாவுக்கு இரவு முழுவதும் அடிக்கும் அடவுகளையும், ஒருத்தி தொடங்கி ஊரே தொடரும் ஒப்பாரியையும் மூன்று நிமிடத்துக்குள் அடக்க முடியாது. அடக்க முடியாததை விற்க முடியாது என்று சந்தை ஒதுக்கிவிட்டது.

கம்பெனி கேட்காத குரலை அரசு கேட்டதா? கிரியர்சனின் இந்திய மொழியாய்வுக்காக அரசு மொழிகளைத் தட்டில் பதிவு செய்தது. சென்னை மாகாணத்திலும் 1920களில் பதிவுகள் நடந்தன. ஊதாரி மகன் கதையை அவரவர் மொழியில் சொல்லச் சொன்னார்கள். சிலரைப் பாடவும் வைத்தார்கள். அந்தப் பதிவுகள் இன்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய எண்ணிம நூலகத்தில் யாரும் கேட்கும்படி இருக்கின்றன; மாணவர்கள் கேட்க வேண்டும். ஆனால் அங்கே மக்களின் குரல் ஒரு மாதிரியாக, மொழிக்கான சான்றுப் பொருளாக எடுக்கப்பட்டது. அவர்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று இருந்தது என்பதை யாரும் கேட்கவில்லை.

4. நந்தன் பாடினான், யார் குரலில்?

நம்மைப் பற்றிய பாட்டுகள் தட்டில் இல்லாமல் இல்லை. ஏராளமாக இருந்தன. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகள் கதாகாலட்சேபத்திலும் நாடகத்திலும் பெயர் பெற்று, தட்டிலும் ஏறின. 1935இல் வந்த 'நந்தனார்' படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஒரு லட்சம் ரூபாய் அந்தக் காலத்தில் ஊரெல்லாம் பேசப்பட்ட தொகை. 1942இல் ஜெமினி எடுத்த 'நந்தனார்' படத்தில் எம்.எம். தண்டபாணி தேசிகர் பாடிய பாட்டுகள் பட்டிதொட்டியெங்கும் பரவின.

இந்தப் பாட்டுகளை நாங்களும் விரும்பிக் கேட்கிறோம். தேசிகரின் குரலில் அந்த ஏக்கம் கேட்கிறவரை உலுக்கும். ஆனால் கேட்டபடியே யோசிக்கவும் வேண்டும். பெரியபுராணத்தில் இல்லாத ஒரு வேதியப் பண்ணையாரை பாரதியார் கதைக்குள் கொண்டுவந்தார். கூலி அடிமைத்தனம் பாட்டுக்குள் வந்தது. அது ஒரு பெரிய காரியம். ஆனால் அந்த அடிமைத்தனத்துக்கு விடை நெருப்பில் இறங்கிப் புனிதமாவது என்று முடிந்தது. 1939இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் நுழைந்தார்கள். 1947இல் கோயில் நுழைவுச் சட்டம் மாகாணம் முழுமைக்கும் வந்தது. அந்த ஆண்டுகளில்தான், உள்ளே விடும்படி உருகிக் கெஞ்சும் நந்தன் ஒவ்வொரு வீட்டுக் கிராமபோனிலும் பாடிக்கொண்டிருந்தான். உரிமை கேட்ட நந்தன் தட்டில் இல்லை. நம் துயரம் விற்பனைக்கு உகந்ததாக இருந்தது. நம் குரல் அப்படி இருக்கவில்லை.

5. நாகலூரில் ரேடியோ செட்

இனி மலைக்கு வருவோம். ஏற்காட்டுக்கு 1820களில் காப்பிச் செடியைக் கொண்டுவந்தவர் சேலம் கலெக்டர் காக்பர்ன் என்று சொல்வார்கள். அதற்குப் பின் சேர்வராயன் மலையின் பெரும்பகுதி எஸ்டேட்டுகளாயிற்று. நாகலூரைச் சுற்றி இருப்பவர்களில் மலையாளிப் பழங்குடி மக்கள் உண்டு. பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைத்துவிடாதீர்கள். மலையை ஆள்கிறவர்கள் என்று அவர்கள் பொருள் சொல்வார்கள், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் மலையேறி வந்த கதையைத் தங்கள் பூர்வீகமாகச் சொல்கிறவர்கள். சமவெளியிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்து லயன்களில் தங்கிய தலித் குடும்பங்களும் இருக்கின்றன.

கடந்த சில ஆண்டுகளாக நாங்கள் சிலர் சேர்ந்து நாகலூரிலும் ஏற்காட்டிலும் சேலத்துப் பழைய இரும்புக் கடைகளிலும் இசைத்தட்டுத் தேடி வருகிறோம். கிராமபோன் பெட்டி இருந்தது பங்களாக்களில்தான் என்று பெரியவர்கள் சொன்னார்கள். லயனில் இருந்தவர்களுக்கு அது சன்னலுக்கு வெளியே நின்று கேட்ட பாட்டு. சமவெளியிலும் இதே கதைதான். 1920களின் பிற்பகுதியிலிருந்து தென்னிந்தியாவில் இசைத்தட்டு வணிகம் பெருகியதை ஆய்வாளர் ஸ்டீபன் ஹியூஸ் விரிவாக எழுதியிருக்கிறார். 1932இல் சென்னையில் ஏ.வி. மெய்யப்பன் கூட்டாளிகளோடு தொடங்கிய சரஸ்வதி ஸ்டோர்ஸ் அந்தப் பெருக்கத்தில் வளர்ந்ததுதான். காப்பிக் கடைகளில் கிராமபோன் வைத்தார்கள். அந்தக் கடைகளுக்குள் நமக்கு இடமில்லை. ஆனால் பாட்டு தெருவுக்கு வந்தது. ஒலிக்குத் தீட்டுப் பார்க்கத் தெரியாது. கோயிலுக்குள்ளும் சபாவுக்குள்ளும் போக முடியாதவர்களின் காதுக்குள் இராகங்கள் இந்த வழியாகத்தான் நுழைந்தன. இதை அந்தக் கறுப்புத் தட்டு செய்த நல்ல காரியமாக நாங்கள் கருதுகிறோம்.

தட்டு லயனுக்குள் வந்தது ரேடியோ செட்டோடு. வேறு ஊர்களில் மைக் செட் என்பார்கள். ஆம்ப்ளிபயர், தட்டுச் சுழற்றும் பிளேயர், மைக், மரத்தில் கட்டும் இரண்டு குழாய், லாரி பேட்டரி. எல்லாவற்றையும் தலைச்சுமையாக மலையில் கொண்டுபோய்க் கட்டினார்கள். கல்யாணம், காதுகுத்து, சேர்வராயன் கோயிலின் மே மாதத் திருவிழா, எதுவானாலும் குழாய் கட்டினால்தான் விசேஷம். முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு, பிறகு டி.எம். சௌந்தரராஜனின் முருகன் பாட்டு, எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு, நாகூர் ஹனீபா, அப்புறம் சினிமா என்று ஒரு வரிசை உண்டு. இடையிடையே மொய் வைத்தவர் பெயரை மைக்கில் சொல்வார்கள். சேலம் ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'மந்திரி குமாரி', 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படங்களின் பாட்டுகள் அடிவாரத்திலிருந்து தட்டாக மலையேறி வந்தன.

நாகலூர்ப் பக்கம் அப்படி ஒரு செட் வைத்திருந்த பெரியவர் ஒருவரைச் சந்தித்தோம். எஸ்டேட் லயனில் பிறந்தவர். காப்பிப் பழம் பறித்த கூலியில் சீட்டுப் போட்டு, பழைய ஆம்ப்ளிபயர் ஒன்றை வாங்கித் தொழிலைத் தொடங்கியவர். இரண்டு தகரப் பெட்டி நிறையத் தட்டு வைத்திருந்தார். பெரும்பாலும் 45 சுற்றுச் சிறுதட்டுகள், கொஞ்சம் நீள்தட்டுகள், சில கதைவசனத் தட்டுகள். எடுத்த கையோடு திரும்பி வர வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு தட்டின் நடுவிலும் பேனாவால் தம் பெயரையும் ஒரு எண்ணையும் எழுதியிருந்தார். அவருடைய பெயரை அச்சில் போடலாமா என்று கேட்டோம். "பேரு எதுக்குங்க, தட்டப் பத்தி எழுதுங்க" என்றார். அதனால் இங்கே அவர் பெயரை எழுதவில்லை. கம்பெனியின் பெயருக்கும் பாடகர் பெயருக்கும் மேலே, அவர் கையெழுத்தில், அந்தத் தட்டுகளில் அது இருக்கிறது.

அந்தப் பெட்டியை இசை விரும்பிகள் எப்படிப் பார்ப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். 1980களில் எக்கோ நிறுவனம் வெளியிட்ட இளையராஜா நீள்தட்டுகள் இன்று ஆயிரக்கணக்கான ரூபாய்க்குக் கைமாறுகின்றன. கீறல் விழுந்த, பெயர் எழுதிய தட்டுக்கு அந்தச் சந்தையில் மதிப்பில்லை. ஆனால் எங்களுக்கு அந்தக் கீறலும் கையெழுத்தும்தான் முக்கியம். அதிகம் தேய்ந்த பாட்டு எது என்று பார்த்தால், அந்த மலை எதை அதிகம் கேட்டது என்று தெரியும். அந்தப் பெட்டியில் 'அன்னக்கிளி'யின் தட்டுதான் மிக அதிகமாகத் தேய்ந்திருந்தது. பண்ணைப்புரத்திலிருந்து வந்த ஓர் இளைஞர் 1976இல் அறிமுகமான படம். வயலிலும் களத்திலும் கேட்ட மெட்டு அரங்கத்து வயலின்களோடு சேர்ந்து குழாய் வழியாகத் திரும்பி வந்தபோது, எங்களுக்கு முந்திய தலைமுறை அதைத் தன்னுடையதாக அறிந்துகொண்டது. ஆய்வு எதுவும் படிக்காமலே அறிந்துகொண்டது.

6. குழாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது

ரேடியோ செட்டை நினைத்து உருகுவதோடு நிறுத்திவிட முடியாது. குழாயை எந்தத் திசையில் கட்டுவது என்பது தமிழ்நாட்டு ஊர்களில் ஒரு சாதிப் பிரச்சினை. ஊரின் குழாய் சேரியைப் பார்த்துக் கத்தலாம். சேரியின் குழாய் ஊரைப் பார்த்துத் திரும்பினால் அடிதடி. எந்தப் பாட்டுப் போடுவது என்பதும் அப்படித்தான். 1992இல் வந்த 'தேவர் மகன்' படத்தின் பாட்டு ஒன்று ஆதிக்கத்தின் கொடியாக ஊர் ஊராக ஒலித்ததையும், அதையொட்டி மோதல்கள் நடந்ததையும் நாம் அறிவோம். அம்பேத்கரைப் பாடும் பாட்டைப் போட்டதற்காக அடிபட்டவர்கள் இந்த அரங்கத்திலேயே இருக்கலாம். கேட்பவர் காதை மூடிக்கொள்ள முடியாது என்பதால்தான் ஒலி இவ்வளவு பெரிய அரசியலாகிறது.

7. ஒலிநாடா திறந்த கதவு

கம்பெனிக் கதவு திறக்காமலே நம் குரல் பதிவானது ஒலிநாடா வந்த பிறகுதான். தட்டு அச்சடிக்கத் தொழிற்சாலை வேண்டும். கேசட்டுக்கு இரண்டு டேப் ரெக்கார்டர் போதும். 1980களில் அது மலிவாகப் பரவியது. பாடுகிறவர், பதிகிறவர், விற்கிறவர் எல்லாரும் இயக்கத்து ஆட்களாகவே இருக்க முடிந்தது. அயோத்திதாசர் காலத்து அச்சு எந்திரம் எழுத்துக்குச் செய்ததை, எழுபது எண்பது ஆண்டுகள் கழித்துக் கேசட் குரலுக்குச் செய்தது.

குணசேகரன் அந்தக் கதவு வழியாக வந்தவர். சிவகங்கைச் சீமையின் சேரியிலிருந்து புறப்பட்டு, நாட்டுப்புறப் பாடலை ஆய்வு செய்து, தாமே பாடி, 'தன்னானே' குழுவோடு ஊர் ஊராகப் போனார். இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' அவருடைய குரலில்தான் நம் கூட்டங்களின் பாட்டானது. 'பலியாடுகள்' நாடகமும் 'வடு' தன்வரலாறும் எழுதிய அதே மனிதர். மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற மெட்டுகளில் விடுதலைப் பாட்டுகள் கட்டினார். அம்பேத்கர் நூற்றாண்டையொட்டிய 1990களில் தலித் கலை விழாக்களில் பறை மேடையேறியது. சாவுக்கு மட்டும் அடித்த கருவியை விடுதலைக்கு அடிப்போம் என்று இளைஞர்களும், முக்கியமாகப் பெண்களும், தோளில் மாட்டினார்கள். 2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது, அதன் பெயரே அயோத்திதாசரின் சாதிபேதமற்ற தமிழர் என்ற சொல்லிலிருந்து வந்தது. தட்டு தொடங்கிய காலத்தில் விடுபட்ட இழை, நூறாண்டு கழித்துச் சேர்ந்தது.

8. நாம் செய்ய வேண்டியவை

கேசட்டு அழிகிறது. நாடா பூசணம் பிடித்து ஒட்டிக்கொள்கிறது. மலை ஈரத்தில் இன்னும் சீக்கிரம். இயக்கத்து வீடுகளின் பரண்களில் கிடக்கும் கேசட்டுகளை எண்ணிம வடிவுக்கு மாற்றுவது முதல் வேலை. தாமதித்தால் கம்பெனி ஒதுக்கியதை நாமும் ஒதுக்கியதாகிவிடும்.

இரண்டாவது, ரேடியோ செட் வைத்திருந்தவர்களின் தட்டுகளைத் தேடிச் சேர்க்க வேண்டும். சில நடைமுறைச் செய்திகள்: 78 தட்டை வினைல் ஊசியில் ஓட்டாதீர்கள், அதன் வரிப்பள்ளம் அகலமானது, அதற்கென்று தடித்த ஊசி உண்டு. அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மென்துணி போதும். தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல் புத்தகம்போல நிறுத்தி வையுங்கள். தட்டின் மேல் எழுதியிருக்கும் பெயரை அழிக்காதீர்கள். யாருடைய விசேஷத்தில், எந்த ஆண்டில், எந்தப் பாட்டு என்று அதை வைத்திருந்தவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்டு எழுதாவிட்டால் அது பழைய தட்டு. கேட்டு எழுதினால் ஆவணம்.

மூன்றாவது, இன்றும் பாடுகிறவர்களைப் பதிவு செய்வது. நாகலூரில் கல்யாணப் பாட்டும் ஒப்பாரியும் பாடத் தெரிந்த பாட்டிமார்கள் இருக்கிறார்கள். எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது; கைஸ்பெர்க் கப்பலில் கொண்டுவந்த கருவிகளைவிட அது சிறந்தது. ஆனால் பதிவதற்கு முன் அனுமதி கேளுங்கள். பாட்டு முடிந்ததும் பாடியவரின் பெயர், ஊர், நாள் மூன்றையும் அவர் விரும்பினால் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம் என்றால் அந்த முடிவும் அவருடையதே. கௌஹர் ஜானுக்கும் சேலம் கோதாவரிக்கும் கிடைத்த அந்த உரிமை, நடவுப் பாட்டுப் பாடும் ஒரு கூலிப் பெண்ணுக்கும் கிடைக்க வேண்டும். பதிவின் படி ஒன்றை அவருக்கே கொடுங்கள். அவருடைய பாட்டை வைத்து நாம் பட்டம் வாங்கலாம், கூட்டத்தில் போடலாம், படத்துக்கும் கொடுக்கலாம்; எதுவானாலும் அவருக்குத் தெரிய வேண்டும், பணம் வந்தால் அவருக்குப் பங்கு போக வேண்டும்.

கடைசியாக ஒன்று. கேளுங்கள். ஆய்வுக்காக மட்டும் கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து, தட்டைத் துடைத்து, ஊசியை மெல்ல இறக்கி, முதலில் வரும் அந்தக் கரகரப்பையும் பின்னால் எழும் குரலையும் கேளுங்கள். சன்னலுக்கு வெளியே நின்று கேட்டவர்களின் பிள்ளைகள் நாம். வீட்டுக்குள் உட்கார்ந்து, நமக்குப் பிடித்ததை நாமே தேர்ந்து கேட்பது நமக்கு எளிதாகக் கிடைத்த இன்பமல்ல. அதை அனுபவிப்போம். அடுத்த தலைமுறை கேட்க வேண்டிய குரல்களையும் சேர்த்து வைப்போம்.

ஜெய்பீம்.